விரைவுச்சாலையில் ஸ்டானிஸ்லாஸின் இடம்

"இருபத்தாறு வருசமா இந்த லைன்ல நிக்கிறேன். ஒரு தபா, ஒரே ஒரு தபா, என் எடத்த எவனுக்காச்சும் வுட்டுக் குடுத்துகிறேனா கேளு. எமனே எருமைய ஓட்டிக்கினு வந்தாலும், தோ, எனக்குப் பின்னாடிதான் நிக்கணும்."

ராயபுரம் பனைமரத்தொட்டியில் பிறந்தவரும், கன்டெய்னர் டிரெய்லரின் ஓட்டுநரும், கொழுப்பற்ற ரத்தத்தின் உரிமையாளருமான திரு. ஸ்டானிஸ்லாஸ் இந்தப் பிரகடனத்தை வெளியிட்ட இடம் எண்ணூர் விரைவுச்சாலை. வெளியிட்ட நேரத்தில் அவருடைய வண்டி நான்கு மணி நேரமாக அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அவையில் இருவர் இருந்தார்கள். ஒருவர், பின்வண்டியின் ஓட்டுநரும் பதினேழு ஆண்டுத் தோஸ்துமான ஹுமாயூன். மற்றவர், லைனில் வண்டி வண்டியாக ஏறி இறங்கி இட்லி விற்கும் செல்லம்மா.

"எமன் நின்னா நிக்கட்டும். அவனுக்கும் நாலு இட்லி தள்ளி வுடுவேன்," என்றாள் செல்லம்மா. "நீ மொதல்ல அந்தத் தட்ட குடு."

சாலையை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. ஒரு பக்கம் கடல். அது மேலே ஏறி வராதிருக்கக் கொட்டிய பாறைகள். பாறைக்கும் தாருக்கும் நடுவே கொஞ்சம் மணல். மறுபக்கம் குப்பத்து வீடுகளும் மதில்களும். இடையில், எர்ணாவூரில் வாலையும் துறைமுகத்துக் கேட்டில் தலையையும் வைத்துக்கொண்டு டிரெய்லர் வரிசை படுத்திருக்கும். நல்ல நாளில் ஆறு மணி நேரத்தில் கடந்துவிடலாம். மற்ற நாட்களைப் பற்றி விசாரிக்காமலிருப்பது மரியாதை. வரிசை ஏன் நகரவில்லை என்று எவருக்கும் தெரியாது. ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். நேற்றைய காரணத்தை இன்றைக்குச் சொல்ல மாட்டார்கள்.

லைனுக்கென்று ஒரு சட்டம் உண்டு. முன்வண்டி நகர்ந்தால் நீயும் நகர வேண்டும். ஒரு பீடி பற்றவைக்கும் நேரம் தாமதித்தாலும் பக்கத்தில் நிற்பவன் மூக்கை நுழைத்துவிடுவான். ஒதுங்கியவன், காரணம் பேதியானாலும் பிரசவமானாலும், திரும்பவும் எர்ணாவூர் போய் வாலைப் பிடித்துத்தான் வர வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டங்கள் எல்லாவற்றையும் மீறுகிறவர்கள்கூட இதை மீறியதில்லை.

ஆகவே வாழ்க்கையின் சகல கடமைகளும் லைனிலேயே நிறைவேறின. அங்கேயே சமைத்தார்கள், சவரம் செய்தார்கள், சம்பந்தம் பேசினார்கள். ஸ்டானிஸ்லாஸின் சொந்த அண்ணன் அடக்கமான நாளில் அவர் திருவொற்றியூரில் நின்றுகொண்டிருந்தார். மனைவி ரோசி பெட்டிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தாள். சாமியாரின் ஜெபம் முடிய, இவர் கேபினில் சிலுவை போட்டுக்கொண்டு பதினைந்தடி முன்னால் நகர்ந்தார். இந்தத் தியாகத்தை லைன் இன்றும் பேசுகிறது. பனைமரத்தொட்டியும் பேசுகிறது, வேறு சொற்களில்.

பல் விளக்குவதும் லைனில்தான். கேனில் தண்ணீர், விரலில் பற்பொடி, டயரின் மறைவு. தூக்கம் வராமலிருக்க இடது கடைவாயில் எந்நேரமும் புகையிலை. இந்த ஏற்பாட்டில் முதலில் ஈறு வீங்கியது, பிறகு ரத்தம் வந்தது, பிறகு சீழ் வந்தது. மூன்று பற்கள் தாமாகவே பதவி விலகின. ஸ்டானிஸ்லாஸ் கலங்கவில்லை. "ரத்தம் வந்தாத்தான் பல்லு வெளக்குனதா அர்த்தம்" என்பது அவர் கொள்கை.

கொள்கையின் பாதிப்பை அனுபவித்தவள் ரோசி. கன்னியாஸ்திரி மட விடுதியில் சமையல் வேலை பார்க்கும் அவளுக்கு எந்த வாடையையும் பொறுத்துப் பழக்கம். அப்படிப்பட்டவளே பதினோரு ஆண்டுகளாகச் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுக்கிறாள்.

"தலகாணி உறையப் பாருய்யா. மீன் வெட்ற பலக மாரி கீது," என்பாள். "பல்லு டாக்டராண்ட ஒரு நட போய்ட்டு வந்தா இன்னா?"

"போலாம்டி. லைன் இல்லாத நாளா பாத்து போலாம்."

அப்படி ஒரு நாள் காலண்டரில் அச்சாகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் அச்சாகியிருந்தன. அவற்றில் அவர் தூங்கினார்.

போன வருடம் ஒரு தொண்டு நிறுவனத்தார் ஓட்டுநர்களுக்காக இலவச மருத்துவ முகாம் நடத்தினார்கள். விவரம் தெரிந்தவர்கள், கூடாரத்தை லைனை ஒட்டியே போட்டார்கள். வண்டியிலிருந்து இறங்கி, ரத்தம் கொடுத்து, ஓடிவந்து ஏறிக்கொள்ளலாம். முகாம் தன்னிடம் வந்ததால் ஸ்டானிஸ்லாஸும் பெரிய மனது பண்ணிக் கையை நீட்டினார். பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டுகளும் லைனுக்கே வந்து சேர்ந்தன.

வரலாறு திசை திரும்பியது அன்றைக்குத்தான். ஹுமாயூனின் கெட்ட கொழுப்பு நூற்றுத் தொண்ணூற்றாறு. ஸ்டானிஸ்லாஸுக்குத் தொண்ணூற்று நான்கு. சர்க்கரையும் இல்லை.

"பாய், உன் ரத்தத்துல பூரி சுடலாம்டா," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

நூற்றுப் பத்துக் கிலோ எடையும் பளிச்சென்ற பல்வரிசையும் கொண்ட ஹுமாயூன் வருத்தத்தோடு சிரித்தார். "உனக்கு இன்னா மாமு, குடுத்து வச்சவன். புளியந்தோப்புல கல்யாணம் ஒன்னு வுடாம துன்னேன்ல, அதான் எனக்கு ஆப்பு வச்சிட்சி."

ஸ்டானிஸ்லாஸ் ரிப்போர்ட்டை லேமினேட் செய்து அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். லைன் நகராத நேரங்களில் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஊர்வலம் போனார். கொழுப்பு கூடியவர்களுக்கு ஆறுதல் சொன்னார். மாரடைப்பு என்பது உட்கார்ந்து தின்கிறவர்களுக்கு ஆண்டவன் போடும் அபராதம் என்றும், உழைக்கிறவன் பெயர் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றும் போக்குவரத்துக் காவலர் ஒருவருக்கு முக்கால் மணி நேரம் விளக்கினார்.

அந்த ரிப்போர்ட்டின் கடைசி வரியில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருந்தது. சி.ஆர்.பி. 6.8. பக்கத்தில், 'வந்து பார்க்கவும்'. லேமினேட் செய்ததில் அந்த வட்டம் இன்னும் பளபளப்பாகவே தெரிந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அதைப் படித்துவிட்டு அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போனவள் ரோசி. வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்த ஒரு சனிக்கிழமை, தண்டையார்பேட்டையில் டாக்டர் பெர்சிஸின் கிளினிக். முகாமில் ரத்தம் எடுத்த டாக்டர்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், வயது முப்பத்தைந்துக்குள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன் வாயைத் திறக்கச் சொன்னார். ஸ்டானிஸ்லாஸ் திறந்தார். டாக்டர் எழுந்து ஜன்னலையும் திறந்தார்.

"எத்தனை வருஷமா இப்படி இருக்கு?"

"இன்னாது?"

"ஈறு."

"அது கீது ஒரு பத்து பதினஞ்சு வருசமா. அத்த வுடுங்க. நான் நெஞ்சுக்காக வந்துகிறேன் டாக்டர்."

"நானும் நெஞ்சைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன் அண்ணே."

ரத்தத்தை மறுபடி எடுத்தார்கள். இந்த முறை சி.ஆர்.பி. ஏழு புள்ளி ஒன்று. காய்ச்சல், சளி ஒன்றுமில்லாமலே ஏழு. டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உடம்புல எங்கேயோ அழற்சி இருக்கு. காயம் பட்டா செவந்து, வீங்கி, சூடாகுதுல்ல, அதுதான் அழற்சி. காயம் ஆறினதும் அது அடங்கிடணும். உங்களுக்கு அடங்காம உள்ளயே புகைஞ்சுக்கிட்டிருக்கு. இந்த நம்பர் அந்தப் புகைதான். எங்க எரியுதுன்னு சொல்லாது, எரியுதுன்னு மட்டும் சொல்லும். ஒன்னுக்குக் கீழ இருந்தா நிம்மதி. மூணைத் தாண்டினா நெஞ்சுக்குக் கவலை."

"எனக்குத்தான் கொயுப்பே கெடையாதே டாக்டர்?"

"கம்மியா இருக்கு. இல்லாம இல்ல. ரோட்டுல லாரி கவுந்து பார்த்திருக்கீங்களா?"

"வாரத்துக்கு ரெண்டு."

"லாரியாலயா ரோடு அடைக்குது?"

"லாரி பாட்டுக்கு ஓரமா கெடக்கும். வேடிக்க பாக்க வர்ற பரதேசிங்கதான் அடைக்கும்."

"அதேதான். ரத்தக்குழாய் சுவருக்குள்ள கொஞ்சம் கொழுப்பு போய் ஒதுங்கும். எல்லாருக்கும் ஒதுங்கும். உடம்பு அதை ஏதோ கலாட்டான்னு நெனச்சு வெள்ளை அணுக்களை அனுப்பும். வந்த கூட்டம் கலையாது. கூட்டம் சேரச் சேர சுவர் வீங்கும், மேல இருக்கிற தோல் மெலிஞ்சுக்கிட்டே போகும், ஒரு நாள் கிழியும். கிழிஞ்ச எடத்துல ரத்தம் உறையும், வழி அடைச்சிடும். அதுதான் ஹார்ட் அட்டாக். பாதிப் பேருக்குக் கொழுப்பு உங்க மாதிரிதான் இருக்கும், வந்துடும். உங்க ஈறுல பத்து வருஷமா கலாட்டா நடக்குது. புகையிலை வேற, நாள் பூரா டீசல் புகை வேற. ஊர்ல இருக்கிற கூட்டத்தையெல்லாம் நீங்களே விசில் அடிச்சுக் கூப்பிட்டு வச்சிருக்கீங்க."

ஸ்டானிஸ்லாஸுக்கு முழுதும் புரிந்தது. புரிந்ததுதான் ஆபத்து.

"அப்ப ஈற சரி பண்ணிக்கினா நெஞ்சுக்கு ஒன்னும் வராது?"

டாக்டர் பெர்சிஸ் நேர்மையானவர். அந்த வியாதிக்கு வடசென்னையில் மருந்தில்லை. "அப்படிச் சத்தியம் பண்ண மாட்டேன்," என்றார். "ஈறு நோய் இருக்கிறவங்களுக்கு ஹார்ட் அட்டாக் அதிகம் வருதுன்னு தெரியும். ஈறைச் சரி பண்ணிட்டா வராதுன்னு இன்னும் யாரும் நிரூபிக்கல. ஆனா எரியிற வீட்டுல ஒரு ரூமையாவது அணைப்போமே?"

'யாரும் நிரூபிக்கல' என்ற இரண்டு வார்த்தைகளை ஸ்டானிஸ்லாஸ் பொறுக்கி எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் மூன்று கட்டளைகள் எழுதினார். பல் டாக்டரிடம் போய் ஈறைச் சுத்தம் செய்ய வேண்டும். புகையிலையை விட வேண்டும். தினம் ஒரு மாத்திரை. "இதைக் கடையில கொழுப்பு மாத்திரைன்னு சொல்வாங்க. அழற்சியையும் இது தணிக்கும். எனக்குத்தான் கொழுப்பு இல்லியேன்னு நிறுத்திடாதீங்க. அக்கா, நீங்க கேட்டுக்கோங்க."

ரோசி கேட்டுக்கொண்டாள். மருந்துக்கடைக்காரரும் தன் கடமையைச் செய்தார். "இன்னாண்ணே, கொலஸ்ட்ராலா?" என்று கேட்டுத் தெரு முழுக்கத் தெரியப்படுத்தினார்.

திங்கட்கிழமை லைன் கூடி இந்த மருத்துவத்தை ஆராய்ந்தது. லைனில் மாத்திரை தனியுடைமை இல்லை. எந்த ஓட்டுநருக்கு எது மிச்சமோ, அது இன்னொரு ஓட்டுநரின் நோய்க்கு மருந்து. முதுகுவலிக்கு எழுதியது மூட்டுவலிக்குப் போகும்; மச்சானுக்கு எழுதியது மாமனுக்குப் போகும். வண்டிகளுக்கு நடுவே இப்படித்தான் பல வருடங்களாக ஒரு மருத்துவமனை நடந்துவருகிறது. டாக்டர் மட்டும் இல்லை.

"கொயுப்பு இல்லாதவனுக்குக் கொயுப்பு மாத்திரையா? மொட்ட தலைக்கு சீப்பு குடுத்தா மாரிகீது," என்றார் ஸ்டானிஸ்லாஸ். "பாய், இந்தா. பசிச்சவனுக்குத்தான் சோறு."

"டாக்டரம்மா உனக்குத்தானே மாமு எய்துனாங்க?"

"அந்தம்மாவே சொல்லிச்சுடா, யாரும் நிரூபிக்கலன்னு."

ஹுமாயூன் அதை ஒழுங்காக விழுங்கினார். அட்டை தீரத் தீர ஸ்டானிஸ்லாஸ் புது அட்டை வாங்கினார். வீட்டில் ரோசி, "மாத்திர துன்னியா?" என்று கேட்டால் காலி அட்டையைக் காட்டுவார். அதில் பொய் ஒன்றும் இல்லை, அட்டை காலிதான். ஐந்து மாதத்தில் ஹுமாயூனின் கொழுப்பு நூற்றுப் பத்துக்கு இறங்கியது. தன் கைராசியை எண்ணி ஸ்டானிஸ்லாஸ் வியந்தார். புகையிலை விஷயத்திலும் டாக்டரை அவர் முழுக்க அலட்சியம் செய்யவில்லை. இடது கடைவாயிலிருந்து வலது கடைவாய்க்கு மாற்றினார். பல் டாக்டரிடம் மூன்று முறை நேரம் வாங்கினார். மூன்று முறையும் லோடு வந்தது.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ராணிப்பேட்டையிலிருந்து வந்த தோல் சாமான் கன்டெய்னர். மாலை நான்கு மணிக்குள் கேட்டுக்குள் போகாவிட்டால் கப்பல் அதை ஏற்றாது. முதலாளி தேவப்பிரியம் அண்ணாச்சிக்கு ஆறு டிரெய்லர். ஆறுக்கும் சேர்த்து ஒரு போன். அந்தப் போன் காலையிலிருந்து வாயை மூடவில்லை. ஸ்டானிஸ்லாஸ் விடியும்போது எர்ணாவூரில் வாலைப் பிடித்தார். பின்னாலேயே ஹுமாயூன்.

ஒன்பதரை மணிக்குத் திருவொற்றியூரில், நெஞ்சின் நடுவில் யாரோ ஒரு செங்கல்லை வைத்தது போலிருந்தது.

"கேஸு," என்றது லைன், ஒருமனதாக. செல்லம்மா ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தாள். பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. செங்கல் கொஞ்சம் தளர்ந்தது போலத் தோன்றியது. தளரவில்லை, இடம் மாறியிருந்தது. பத்தரை மணிக்கு வலி இடது தாடையில் குடியேறியது.

ஸ்டானிஸ்லாஸுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "தோ, இதான் வெசயம்! ஈறு! டாக்டரம்மா இன்னா சொல்லிச்சு? ஈறுலதான் கலாட்டான்னு சொல்லிச்சா இல்லியா?" நெஞ்சு வலித்தால் நெஞ்சு, தாடை வலித்தால் ஈறு. இதற்கு மேல் ஒரு மனிதன் மருத்துவத்தை எப்படி மதிப்பது? கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஈறில் வைத்துக் கடித்துக்கொண்டார். நாளைக்கே, லோடு வந்தாலும் வராவிட்டாலும், பல் டாக்டரிடம் போய்விடுவதாக ஹுமாயூனிடம் சத்தியம் செய்தார். அவர் செய்த சத்தியங்களில் அதுதான் உண்மையானது.

வெயில் ஏறியது. வரிசை நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. கிராம்பு தன் வேலையைச் செய்யவில்லை. ஒரு மணிக்குக் காசிமேட்டைத் தொட்டபோது ஸ்டானிஸ்லாஸின் சட்டை மழையில் நனைந்தது போல ஒட்டியிருந்தது. இடது கை விரல்கள் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தன. பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வாந்தி எடுத்தார்.

ஹுமாயூன் ஓடிவந்து படியில் ஏறினார். முகத்தைப் பார்த்தார். "அரே, இன்னா மாமு இது, சாம்பல் மாரிகீறே?"

"பல்லு வலிடா."

"பல்லு வலிக்கு எவன்டா வாந்தி எடுப்பான்?" ஹுமாயூன் டாக்டர் பெர்சிஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். தாடை, கை, வேர்வை, வாந்தி, ஒன்பதரை மணி. டாக்டர் குறுக்கிட்டார்.

"அண்ணே, இது ஈறு இல்ல. நெஞ்சு. கேக்குதா? ஹார்ட் அட்டாக். வண்டியை நிறுத்திட்டு எறங்குங்க, நடக்காதீங்க. பாய், நூத்தியெட்டுக்கு அடிங்க. யார்கிட்டயாவது ஆஸ்பிரின் இருக்கா? இருந்தா மென்னு முழுங்கச் சொல்லுங்க. ஒவ்வொரு நிமிஷமும் சதை செத்துக்கிட்டிருக்கு. இப்பவே மூணரை மணி நேரம் ஆயிடுச்சு."

லைனின் மருத்துவமனை போர்க்கால வேகத்தில் இயங்கியது. நாற்பது கேபின்களில் தேடினார்கள். கேஸ் மாத்திரை பதினான்கு வகை கிடைத்தது. முதுகுக்கு, மூட்டுக்கு, மூலத்துக்கு, மூக்கடைப்புக்குக் கிடைத்தது. ஒருவர் ஆண்மைக்கு வைத்திருந்ததைக் கூச்சத்தோடு நீட்டினார். ஆஸ்பிரின் மட்டும் ஒருவரிடமும் இல்லை.

ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிடத்தில் வந்தது. அதாவது, காசிமேட்டுத் திருப்பம் வரைக்கும் வந்தது. இந்தப் பக்கம் டிரெய்லர்கள் மூன்று வரிசை, ஸ்டானிஸ்லாஸ் நின்றது கடலோர வரிசையில். எதிர்ப்பக்கம் காலிக் கன்டெய்னர்களும் மீன் வேன்களும். எந்த ஓட்டுநருக்கும் இரக்கம் இல்லாமலில்லை. நகர இடம்தான் இல்லை. சைரன் அங்கேயே நின்று கத்திக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இருவர் வண்டிகளின் இடுக்கில் நடந்து வருவதாகத் தகவல் மட்டும் கேபின் கேபினாக முன்னேறி வந்தது.

"எறங்கு மாமு. அவங்க வர்றதுக்குள்ள நானே தூக்கினு போறேன்."

"வண்டி?"

"வண்டி கெடக்குது. வுடு."

"நடு லைன்ல ஆளில்லாம வுட்டுட்டுப் போனா பின்னாடி எர்ணாவூர் வரைக்கும் நிப்பானுங்கடா."

"அப்ப ஓரங்கட்டுய்யா!"

ஸ்டானிஸ்லாஸ் முன்னால் பார்த்தார். கேட் தெரிந்தது. கேட்டருகே காவலர் குடைபிடித்து நிற்பதும் தெரிந்தது. "பதினோரு வண்டிதான்டா பாய் கீது," என்றார்.

பதினோரு வண்டி. கேட்டிலிருந்து பனைமரத்தொட்டி நடக்கிற தூரம். ஆஸ்பத்திரியும் பக்கம்தான். இருபத்தாறு ஆண்டுகளில் அவர் எல்லாவற்றுக்கும் இவ்வளவு கிட்டத்தில் இருந்ததில்லை.

போன் அடித்தது. தேவப்பிரியம் அண்ணாச்சி.

"ஸ்டானிஸு, எங்கவே நிக்கீரு? நாலு மணிக்குக் கதவ அடைச்சிருவான், கேட்டீரா?"

"கேட்டு... தெரிது அண்ணாச்சி."

"என்னவே குரலு ஒரு மாதிரி இருக்கு?"

"பல்லு வலி."

"கிராம்ப வச்சுக் கடியும்வே. சரியாயிரும்."

வைத்துவிட்டார். ஸ்டானிஸ்லாஸ் ரோசிக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடுதியில் பிள்ளைகளுக்குச் சோறு போடும் நேரம். அந்நேரம் போனை எடுக்க மடத்தில் அனுமதி கிடையாது. மறுபடி போட நினைத்தார். விரல் அந்தச் சின்னக் கண்ணாடியில் சரியாகப் பதியவில்லை.

அப்போது லைன் நகர்ந்தது. காலையிலிருந்து நகராத மாதிரி, ஒரேயடியாக நான்கு வண்டி தூரம். ஹுமாயூன் படியிலிருந்து குதித்துத் தன் வண்டிக்கு ஓடினார். அதுவும் ஆளில்லாமல் நிற்க முடியாதே. பின்னால் ஹாரன்கள் தொடங்கின. பக்கத்து வரிசையில் ஒரு மூக்கு அசைந்தது.

ஸ்டானிஸ்லாஸ் கிளட்சை மிதித்தார். கால் போனது, ஆனால் அது வேறு யாருடைய காலோ போலப் போனது. இன்னும் ஒரு தடவை மிதிக்க முடியுமா என்று கணக்குப் பார்த்தார். ஸ்டீரிங்கில் சாய்ந்துவிட்ட ஓட்டுநர்களின் வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார். கதவை உடைத்து, ஆளை இறக்கி, மாற்று டிரைவர் வரும்வரை லைன் செத்துக் கிடக்கும். பின்னால் நிற்பவர்கள் செத்தவனின் தாயைத் திட்டுவார்கள். ஒரு முறை அவரே திட்டியிருக்கிறார், நெடுநேரம், பல மொழிகளில்.

இடது இண்டிகேட்டரைப் போட்டார். கியரை விழவைத்தார். முன்னால் நான்கு வண்டி தூரம் காலியாகக் கிடந்தது. ஸ்டீரிங்கை நேரே வைக்காமல், மார்பாலும் வலது கையாலுமாக, இடப்பக்கம் திருப்பினார். டிரெய்லர் முனகியபடி தாரைவிட்டு இறங்கி மணலில் போய் பாறைகளின் ஓரமாக நின்றது. வால் முழுதும் லைனைவிட்டு வெளியே வந்துவிட்டதா என்று கண்ணாடியில் பார்த்தார். வந்திருந்தது. கைபிரேக்கைப் போட்டார்.

ஹுமாயூனின் வண்டி பக்கத்தில் வந்து உறுமி நின்றது. "மாமு! இன்னா பண்றே? தோ வந்துட்டாங்க, ஸ்ட்ரெச்சரு தெரிது, கண்ண தொற! மாமு!"

ஸ்டானிஸ்லாஸ் ஜன்னலுக்கு வெளியே கையைப் போட்டு, முன்னாலிருந்த காலி இடத்தைக் காட்டினார்.

"நீ போ நைனா," என்றார். "பின்னாடி வண்டி நிக்கிது."